ஈசி க்ளீன் என்றால் வீடும் க்ளீனா? உஷார்!

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை, வேலூர் என்று நம் தோல் தொழில் ஊர்களில் எங்கே வீடு பார்த்துக்கொண்டிருந்தாலும் சரி, அட்வான்ஸ் பணத்தோடு கிளம்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

"முப்பது வருஷத்துக்கு ஈசி போட்டாச்சுண்ணே, ஒரு வில்லங்கமும் இல்ல." தரகர் சொல்லும் இந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் ஆயுள் சேமிப்பைத் தூக்கிக் கொடுக்கிறோம். ஈசி, அதாவது வில்லங்கச் சான்று, பொய் சொல்வதில்லை. ஆனால் நீங்கள் கேட்ட சர்வே எண்ணில், நீங்கள் கேட்ட ஆண்டுகளுக்குள், பதிவுக்கு வந்த பத்திரங்களை மட்டும்தான் அது காட்டும். வாய்மொழியாகக் கொடுத்த தானம் அதில் இருக்காது. இருபது ரூபாய் பத்திரத்தில் எழுதிய போக்கியம் இருக்காது. கையெழுத்துப் போடாத தங்கையின் பங்கு இருக்காது. மண்ணுக்கு அடியில் கிடக்கும் குரோமியக் கழிவும் இருக்காது. இவை எல்லாமே நம் பகுதியில் இருக்கின்றன.

2025 ஏப்ரலில் கட்டுக்கொல்லையில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். வேலூர் மாவட்டம் அணைக்கட்டு தாலுகாவில், விரிஞ்சிபுரம் பக்கத்தில் உள்ள சிறிய கிராமம். ஏறத்தாழ 150 குடும்பங்களுக்கு நோட்டீஸ் வந்தது: நீங்கள் குடியிருப்பது தர்காவுக்குச் சொந்தமான வக்ஃப் நிலம், காலி செய்யுங்கள், இல்லையென்றால் தர்காவுக்கு வாடகை கட்டுங்கள். நாலு தலைமுறையாக இங்கேதான் இருக்கிறோம் என்று மக்கள் பதறினார்கள். அரசு கொடுத்த ஆவணங்களை எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்துக்கு ஓடினார்கள். தர்கா தரப்பும் தங்களிடம் ஆவணம் இருப்பதாகச் சொன்னது. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பு சொல்ல நான் ஆள் இல்லை. என் கவலை வாங்குகிறவரைப் பற்றியது. அந்த நோட்டீஸ் வருவதற்கு முதல் வாரம் அங்கே ஒருவர் வீடு கிரயம் வாங்கியிருந்தால், வீட்டு வரி ரசீதையும் கரண்ட் பில்லையும் வைத்துக்கொண்டு அவரும் அதே வரிசையில்தான் நின்றிருப்பார்.

2022-ல் திருச்சி அருகே திருச்செந்துறையில் இதே பயம் வேறு விதமாக வந்தது. தன் நிலத்தை விற்கப் போனவரிடம், வக்ஃப் வாரியத்தின் தடையில்லாச் சான்று இல்லாமல் பதிய முடியாது என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் சொன்னார்கள். அதுவரை அவருக்கு அப்படி ஒரு பிரச்சினை இருப்பதே தெரியாது.

வக்ஃப் சொத்தை விற்கவோ, தானம் கொடுக்கவோ, அடமானம் வைக்கவோ முடியாது. அப்படிச் செய்தால் அந்தப் பத்திரம் செல்லாது என்று வக்ஃப் சட்டத்தின் 2013 திருத்தம் வெளிப்படையாகச் சொல்கிறது. முழுப் பணமும் கொடுத்தேன், பதிவும் ஆயிற்று என்று வாதாடிப் பயன் இல்லை. இதை ஒரு மதத்தாரின் பிரச்சினையாக மட்டும் பார்க்காதீர்கள். கோயில் நிலத்துக்கும் அறநிலையத்துறைச் சட்டத்தில் அதே கதிதான், ஆணையரின் அனுமதி இல்லாத விற்பனை செல்லாது. பஞ்சமி நிலமும் அப்படித்தான். ட்ரெமென்ஹீர் அறிக்கையின் பேரில் 1892-ல் ஆங்கிலேய அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கிய நிலம் அது. வேறு சமூகத்தார் வாங்கினால் கிரயம் நிற்காது. எத்தனை கை மாறியிருந்தாலும் அரசு திரும்ப எடுக்கலாம். ஆதிதிராவிடர் நலத்துறை இலவசமாகக் கொடுத்த மனைப் பட்டாவிலும் நிபந்தனை இருக்கும். பட்டாவின் பின்பக்கத்தைத் திருப்பிப் படிக்காமல் வாங்காதீர்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது? மூலப்பத்திரத்தை எழுத்துக்கூட்டிப் படியுங்கள். பழைய பத்திரத்தில் "இனாம்", "கட்டளை", "தர்மத்துக்கு", "தர்காவுக்கு", "தேவஸ்தானம்" என்று ஒரு சொல் கண்ணில் பட்டாலும் அங்கேயே நிறுத்திக்கொண்டு வக்கீலிடம் போங்கள். தாலுகா அலுவலகத்தில் அ-பதிவேட்டின் நகல் வாங்கி அதன் குறிப்புக் கட்டத்தைப் பாருங்கள். அந்த சர்வே எண்ணுக்குப் பதிவுத்துறையில் வழிகாட்டி மதிப்பு பூஜ்யம் என்று போட்டிருக்கிறதா என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் கேளுங்கள். வக்ஃப் வாரியத்துக்கும் அறநிலையத்துறைக்கும் எழுதிக் கேட்டுப் பதில் வாங்குங்கள். நாலைந்து வாரம் தாமதமானால் ஆகட்டும்.

நம் பகுதிக்கே உரிய இன்னொரு தொல்லை, ஊர் அப்படியே இருக்க மாவட்டத்தின் பெயர் மாறிக்கொண்டே வந்திருப்பது. ஆம்பூரில் ஒரே வீட்டின் பத்திரங்களை வரிசையாக அடுக்கினால் வட ஆற்காடு, 1989-க்குப் பிறகு வட ஆற்காடு அம்பேத்கர், அப்புறம் வேலூர், 2019 நவம்பருக்குப் பிறகு திருப்பத்தூர் என்று நாலு மாவட்டம் வரும். சர்வே எண்ணும் உட்பிரிவும் மாறியிருக்கும். நகராட்சி எல்லைக்குள் என்றால் டவுன் சர்வே எண் தனி. பழைய எண்ணுக்கு ஒரு ஈசி, புது எண்ணுக்கு ஒரு ஈசி, இரண்டும் போட்டுப் பார்த்தால்தான் கணக்கு நேராகும். புது எண்ணுக்கு மட்டும் போட்டால் "வில்லங்கம் இல்லை" என்று வருவது சுலபம்.

பதிவாகிவிட்டால் சொந்தமாகிவிட்டது என்ற நம்பிக்கையையும் விட்டுவிடுங்கள். 2025 ஏப்ரல் 7-ல் தமிழ்நாட்டின் பதிவு விதி 55-அ பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: விற்பவருக்கு அந்தச் சொத்தில் உரிமை இருக்கிறதா என்று விசாரிப்பது சார்பதிவாளரின் வேலை இல்லை. அவர் முத்திரை குத்துவது பத்திரத்துக்குத்தான். வீடு யாருடையது என்பதற்கு அது உத்தரவாதம் ஆகாது. விற்பவரின் உரிமையைத் துருவிப் பார்க்க வேண்டியவர் நீங்கள் ஒருவர்தான்.

இனி வாரிசுகள். அதிகம் பேர் அடிபடுகிற இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். வாணியம்பாடியில் ஒரு முஸ்லிம் குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா தவறிவிட்டார். மனைவி, இரண்டு மகன், ஒரு மகள். வீட்டின் மதிப்பு 40 லட்சம். ஷரீஅத் கணக்குப்படி மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு, 5 லட்சம். மிச்சம் 35 லட்சத்தில் மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. ஆக மகன்களுக்கு ஆளுக்கு 14 லட்சம், மகளுக்கு 7 லட்சம். வீட்டு வரி பெரிய மகன் பெயரில் இருக்கிறது, பட்டாவும் அவர் பெயருக்கு மாறிவிட்டது, அவரே வந்து கையெழுத்துப் போடுகிறார். நீங்கள் 40 லட்சத்தை எண்ணிக் கொடுத்து வாங்கியது அவருடைய 14 லட்ச ரூபாய்ப் பங்கை மட்டும்தான்.

சின்ன மகனுக்கு வயது 15 என்றால் ஆபத்து இன்னும் பெரிது. "அம்மா கார்டியனா கையெழுத்துப் போடறாங்களே" என்பார்கள். முஸ்லிம் சட்டத்தில் மைனர் பிள்ளையின் சொத்துக்குத் தாய் சட்டப்படியான காப்பாளர் ஆக மாட்டார். அண்ணனும் ஆக மாட்டார், சித்தப்பாவும் ஆக மாட்டார். தகப்பனும், அப்பாவழிப் பாட்டனும், அவர்கள் உயிலில் நியமித்தவர்களும்தான் காப்பாளர்கள். அவர்கள் யாரும் இல்லாவிட்டால் 1890-ன் காப்பாளர் சட்டப்படி நீதிமன்றம் போய் அனுமதி வாங்க வேண்டும். 1918-லேயே பிரிவி கவுன்சில் முடித்துவைத்த விஷயம் இது. அந்த அனுமதி இல்லாமல் அம்மா போட்ட கையெழுத்து அந்தப் பையனின் பங்கைக் கட்டுப்படுத்தாது. அவன் மேஜராகி வந்து கேட்டால் பதில் சொல்ல உங்களிடம் காகிதம் இருக்காது. இந்து மைனரின் தனிச் சொத்து என்றாலும் கோர்ட் அனுமதி கட்டாயம். இல்லாவிட்டால் 18 வயது முடிந்து மூன்று ஆண்டுக்குள் அவர் வழக்குப் போட்டுக் கிரயத்தை ரத்து செய்யலாம்.

இந்துக் குடும்பத்தில் மறக்கப்படுகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் கட்டிக்கொடுத்த மகள். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்பாலேயே மகனுக்குச் சமமான உரிமை உண்டு, இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தம் வந்த நாளில் அப்பா உயிரோடு இருந்தாரா என்ற கேள்வியே வேண்டாம் என்று 2020 ஆகஸ்ட் 11-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இன்னொருவர் இறந்தவரைப் பெற்ற தாய். மகன் உயில் எழுதாமல் போனால் அவன் மனைவி பிள்ளைகளோடு அந்த அம்மாவுக்கும் சம பங்கு. கிறிஸ்தவக் குடும்பம் என்றால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மிச்சம் பிள்ளைகளுக்கு ஆண் பெண் வித்தியாசம் இல்லாமல் சமமாக. எந்தக் குடும்பமானாலும் "தங்கச்சி எங்களுக்கு எழுதிக் கொடுத்துட்டா" என்றால் பதிவு செய்த விடுதலைப் பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழ் யார் யார் வாரிசு என்று சொல்லும். யாருக்கு எவ்வளவு என்று சொல்லாது. முடிந்தால் அந்தத் தங்கையின் வீட்டுக்கே போய், அவர் கணவரையும் வைத்துக்கொண்டு, "அம்மா, இந்த வீட்டை விக்கிறது உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டுவிடுங்கள். அந்த ஐந்து நிமிடத்துக்குக் கூச்சப்பட்டவர்கள் பத்து வருஷம் கோர்ட்டுக்கு நடக்கிறார்கள்.

ஹிபா பற்றிச் சொல்லாமல் ஆம்பூர் வீடுகளைப் பற்றிப் பேச முடியாது. முஸ்லிம் ஒருவர் தன் வீட்டை வாய்மொழியாகவே தானம் கொடுக்கலாம். கொடுத்தேன் என்று சொல்ல வேண்டும், பெறுகிறவர் ஏற்க வேண்டும், சொத்தைக் கையில் ஒப்படைக்க வேண்டும். மூன்றும் நடந்திருந்தால் தானம் செல்லும். எழுதி வைத்திருந்தாலும் அதைப் பதிவு செய்யக் கட்டாயம் இல்லை என்று 2011-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ஆக, அப்பா பெயரில் இருக்கும் வீட்டை அப்பாவே வந்து விற்றாலும், அதை என்றைக்கோ மகளுக்கு ஹிபா கொடுத்து அவர் குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கலாம். மறுபக்கமும் உண்டு. தங்கைகளுக்குப் பங்கு கொடுக்க மனமில்லாத ஒருவர், "வாப்பா எனக்கு ஹிபா கொடுத்துட்டாங்க" என்று அவர் இறந்தபிறகு சொல்லலாம். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: எல்லா வாரிசுகளையும் கிரயப் பத்திரத்தில் சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள். ஒருவர் வர மறுத்தால் அந்த வீடு உங்களுக்கு வேண்டாம்.

போக்கியம் இந்தப் பக்கத்தில் தெருவுக்குத் தெரு உண்டு. ஷூ கம்பெனியில் வேலை செய்யும் பெண்கள் சீட்டுப் பணத்தையும் நகைக் கடனையும் சேர்த்துச் சில லட்சம் கொடுத்துவிட்டு, வாடகை இல்லாமல் மூன்று வருஷம் இருக்கிறார்கள். எழுதுவது சின்னப் பத்திரத்தில். சாட்சி பக்கத்து வீட்டுக்காரர். நூறு ரூபாய்க்கு மேற்பட்ட போக்கிய அடமானம் பதிவாக வேண்டும் என்கிறது சட்டம். பதிவுச் செலவுக்குப் பயந்து பெரும்பாலும் யாரும் போவதில்லை. விளைவு, ஈசியில் அது கிடையாது. "எனக்குத் தெரியாது, ஈசியில் இல்லையே" என்று வாங்கினவர் தப்பிக்கவும் முடியாது. வீட்டில் ஒருவர் குடியிருந்தால், அவருக்கு அதில் என்ன உரிமை இருக்கிறதோ அது வாங்குகிறவருக்குத் தெரியும் என்றே சொத்துரிமை மாற்றச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. அதனால் கம்பெனி பஸ் வந்து இறக்கிவிட்ட பிறகு, சாயங்காலமாக, ஓனர் இல்லாத நேரத்தில் போய்க் கதவைத் தட்டுங்கள். "அக்கா, நீங்க வாடகைக்கா, போக்கியத்துக்கா? எவ்ளோ குடுத்தீங்க? என்னைக்கு முடியுது?" என்று கேளுங்கள். பத்திரத்தைக் காட்டச் சொல்லிப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தொகையைக் கிரயப் பணத்தில் கழித்து, அவர் கையில் நேராகக் கொடுத்து ரசீது வாங்கினால் அவருக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

போக்கியத்துக்குக் கொடுக்கிறவர்களே, உங்களுக்கும் இதைச் சொல்லியாக வேண்டும். நீங்கள் பணம் கொடுக்கும் வீடு ஏற்கெனவே பேங்கில் அடமானத்தில் இருந்தால், கடனைக் கட்டாத ஓனரின் வீட்டை பேங்க் ஏலம் விடும்போது உங்கள் சின்னப் பத்திரத்தை யாரும் மதிக்க மாட்டார்கள். செலவானாலும் பதிவு செய்துகொள்ளுங்கள்.

தோல் ஷாப் வைத்திருப்பவர்கள் பேங்கில் வாங்கும் தொழில் கடனுக்கு ஈடாகக் குடும்ப வீட்டின் அசல் பத்திரத்தைக் கொடுப்பது வழக்கம். மனைவி பெயரில் இருக்கும் வீடு, அண்ணன் பெயரில் இருக்கும் வீடு என்று எல்லாம் போகும். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50 விழுக்காடு வரி போட்டபோது ஆம்பூர் ஷூ ஏற்றுமதி எப்படி ஆட்டம் கண்டது என்று எல்லோருக்கும் தெரியும். இப்படி நெருக்கடி வரும்போதெல்லாம் "அவசரமா விக்கறாங்க, ரேட்டு கம்மி" என்று வீடுகள் சந்தைக்கு வரும். அசல் பத்திரத்தைக் கண்ணால் பார்க்காமல், "லாக்கர்ல இருக்கு", "தொலைஞ்சு போச்சு" என்ற பேச்சை நம்பி ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். பேங்குகள் தங்களிடம் உள்ள அடமானங்களைப் பதிவு செய்யும் செர்சாய் என்ற மத்தியப் பதிவகம் 2011 முதல் இயங்குகிறது. அதன் இணையதளத்தில் சிறு கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் தேடலாம். வராக்கடனுக்கு பேங்க் 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டால், அதன் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் அந்த வீட்டை விற்கவே கூடாது.

மூடிக்கிடக்கும் தோல் ஷாப் இடத்தை மனை போட்டு விற்றால் இரட்டிப்பு உஷார். வேலூர் குடிமக்கள் நலச் சங்கம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பிலேயே, இந்தப் பகுதியில் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியோ முழுதோ பாழாகிவிட்டது என்ற ஆய்வு இடம்பெற்றிருக்கிறது. மாசுபடுத்தியவர் நஷ்டஈடு கட்டாவிட்டால் நிலவரிப் பாக்கியாக வசூலிக்கலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. 2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் மறுபடி தலையிட்டு, பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு நஷ்டஈட்டை முடிக்கச் சொன்னது. அதாவது, கணக்கு இன்னும் தீரவில்லை. அந்த இடத்தின் பழைய சொந்தக்காரர் பாக்கிதாரர் என்றால், நிலத்தின் மேல் ஜப்தி வரும் ஆபத்து உண்டு. பாக்கி இல்லை என்று கலெக்டர் அலுவலகத்தில் எழுதி வாங்குங்கள். தொழிற்சாலை நிலம் குடியிருப்பாக வகைமாற்றம் ஆகியிருக்கிறதா, நகர் ஊரமைப்புத் துறை அனுமதி எண் உண்டா என்று பாருங்கள். 2016 அக்டோபர் 20-க்குப் பிறகு அனுமதி இல்லாமல் புதிதாகப் பிரித்த மனைக்குப் பதிவு கிடையாது.

மண்ணையும் போர் தண்ணீரையும் சோதனைக்கு அனுப்பாமல் இருக்காதீர்கள். ராணிப்பேட்டையில் ஒரு குரோமேட் ஆலை விட்டுப்போன கழிவு மட்டும் ஒரு லட்சம் டன்னுக்கு மேல். அதே ஊரின் சிட்கோ வளாகத்தில் 2015 ஜனவரி 31-ல் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டி உடைந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் செத்துப் போனார்கள். வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று எட்டிப் பாருங்கள்.

வெளிநாட்டில் இருப்பவரின் வீட்டை பவர் வைத்திருப்பவர் விற்கிறார் என்றால், கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று வீடியோ காலில் பேசிப் பாருங்கள். அவர் இறந்த நிமிஷம் பவர் பொதுவாக முடிந்துவிடும். வெளிநாட்டில் எழுதிய பவர் இந்தியா வந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியிருக்க வேண்டும். விற்பவர் வெளிநாட்டுவாசி என்றால் வருமான வரிப் பிடித்தம் வழக்கமான 1 விழுக்காடு கிடையாது, அதைவிட மிக அதிகம். பிடிக்கத் தவறினால் துறை உங்களைத்தான் கேட்கும்.

ரொக்கமும் வேண்டாம். 2 லட்சமும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கைமாறினால் வருமான வரித்துறைக்குத் தகவல் போக வேண்டும் என்று 2025 ஏப்ரல் 16-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. பாதிப் பணத்தைக் கணக்கில் காட்டாமல் கொடுத்தால், நாளைக்கு வழக்கு என்று வரும்போது அந்தப் பாதியைக் கொடுத்ததாகவே நிரூபிக்க முடியாது.

ஏற்கெனவே வாங்கி மாட்டிக்கொண்டவர்களுக்கு ஒன்று. போலிப் பத்திரத்தை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்யலாம் என்று 2022-ல் கொண்டுவந்த 77-அ பிரிவை உயர் நீதிமன்றம் 2024-ல் செல்லாது என்று சொல்லிவிட்டது. இன்னமும் அந்தப் பிரிவைச் சொல்லி மனு எழுதிப் பணம் வாங்குகிறவர்களிடம் ஏமாறாதீர்கள். போகவேண்டிய இடம் சிவில் கோர்ட். மோசடி என்றால் போலீசின் நில அபகரிப்புத் தடுப்புப் பிரிவு. வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லை என்று ஒத்திப்போட வேண்டாம். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசமாக வக்கீல் வைத்துத்தர வேண்டியது சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் கடமை. தொலைபேசி எண் 15100. கையில் இருக்கும் எல்லாப் பத்திரத்தையும், போக்கிய எழுத்து உள்பட, ஒரு பையில் போட்டு வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள்.